அடிமை முறையை எதிர்த்து எழுதியவர்கள்: வாசகர் கேள்வி – பதில்

பிரிட்டன் 1833-ல் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் போட்டபோது 2 கோடி பவுண்டு இழப்பீடு ஒதுக்கியது, அதுவும் அடிமைகளுக்கு இல்லை, அவர்களை வைத்திருந்த முதலாளிகளுக்கு என்று போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களே இந்தத் தடவை பக்கம் முழுவதையும் பிடித்துக்கொண்டன. 'நிஜமாகவா?' என்று கேட்ட எல்லோருக்கும் சேர்த்து: நிஜம்தான். அதற்காக வாங்கிய கடனின் கடைசி மிச்சம் 2015-ல்தான் அடைபட்டது. மற்ற கேள்விகளுக்கு வருவோம்.

அடிமை முறை தப்பு என்று முதன்முதலில் எழுதியது யார்?
— கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

'முதன்முதலில்' என்று ஆரம்பித்தாலே வம்புதான். பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்கள் முதல் நாளிலிருந்தே எதிர்த்தார்கள், அவர்கள் கையில் காகிதம் இல்லை, அவ்வளவுதான். காகிதத்தில் இருப்பதை மட்டும் எடுத்துக்கொண்டால், 1680-களிலேயே லூரென்சோ டா சில்வா டி மென்டோசா என்ற ஆப்பிரிக்க வம்சத்தவர் ரோமுக்கே போய் வாடிகனில் மனு கொடுத்திருக்கிறார். ஆங்கிலேயர் ஆண்ட அமெரிக்கப் பகுதியில் மிகப் பழையது 1688-ஆம் ஆண்டு மனு. பென்சில்வேனியாவில் ஜெர்மன்டவுன் என்ற சிற்றூரில் நாலு பேர் கையெழுத்துப் போட்டது. எளிமையான கேள்விதான் கேட்டிருந்தார்கள்: நம்மைக் கடலில் பிடித்துத் துருக்கியில் விற்றால் நாம் ஒப்புக்கொள்வோமா, அப்படியானால் இவர்களை மட்டும் ஏன்?

அந்த மனுவுக்கு நேர்ந்த கதி தாலுகா ஆபீஸ் ஃபைலுக்கு நேர்வதுதான். கையெழுத்துப் போட்டவர்கள் சேர்ந்திருந்த குவேக்கர் என்ற கிறிஸ்தவ சபையின் மாதக் கூட்டம் 'இது எங்களுக்கு மிகப் பெரிய விஷயம்' என்று காலாண்டுக் கூட்டத்துக்குத் தள்ளியது, அது ஆண்டுக் கூட்டத்துக்குத் தள்ளியது, அங்கே அப்படியே கிடப்பில் போட்டார்கள். 1844-ல்தான் யாரோ அதை மறுபடி எடுத்துப் பார்த்தார்கள்.

குவேக்கர்கள் என்றால் ஆரம்பத்திலிருந்தே அடிமை முறைக்கு எதிரிகள் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். இல்லை. அவர்களிலும் வசதியானவர்கள் அடிமைகள் வைத்திருந்தார்கள். சொந்த சபையோடு சண்டை போட்டே மாற வேண்டியிருந்தது. அந்தச் சண்டைக்காரர்களில் எனக்குப் பிடித்தவர் பெஞ்சமின் லே. நாலடி உயரம், கூன் முதுகு. அடிமை வைத்திருக்கிற குவேக்கர்களைத் தாறுமாறாகத் திட்டி ஒரு புத்தகம் எழுதினார். 1737-ல் அதை அச்சடித்துக் கொடுத்தவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின், ஆனால் அச்சகத்தின் பெயரைப் போடவில்லை. மறு வருஷம் சபைக் கூட்டத்தில் லே எழுந்து நின்று பேசிவிட்டு, கையிலிருந்த தடிப் புத்தகத்தை வாளால் குத்தினார். உள்ளே குடைந்து, சிவப்புப் பழச்சாறு நிரப்பிய பையை வைத்திருந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் மேலெல்லாம் ரத்தம் மாதிரித் தெறித்தது. வெளியே தூக்கிப் போட்டுவிட்டார்கள். அவர் புத்தகத்தை எத்தனை பேர் படித்தார்களோ, இந்தச் சம்பவத்தை யாரும் மறக்கவில்லை.

அடிமை வியாபாரத்தை ஒழித்தது வில்பர்ஃபோர்ஸ்தானே? சினிமாகூட வந்திருக்கிறதே.
— வங்கி ஊழியர், ஈரோடு

பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எம்.பி.யாக இருந்து பேசியது வில்பர்ஃபோர்ஸ். வருஷம் தவறாமல் என்று சொல்கிற அளவுக்கு விடாமல் தீர்மானம் கொண்டுவந்தார், அந்தப் பிடிவாதத்தைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அவர் பேசுவதற்கு வேண்டிய சரக்கைச் சேர்த்துக் கொடுத்தது தாமஸ் கிளார்க்சன் என்கிற இளைஞர்.

1785-ல் கேம்பிரிட்ஜில் லத்தீன் கட்டுரைப் போட்டி. 'ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாக அடிமையாக்குவது நியாயமா?' என்பது தலைப்பு. கிளார்க்சனுக்கு அந்த விஷயமே அதுவரை தெரியாது, பரிசுக்காகத்தான் படிக்க ஆரம்பித்தார். பிலடெல்பியாவில் பள்ளி ஆசிரியராக இருந்த ஆண்டனி பெனசெட் மேற்கு ஆப்பிரிக்காவின் கினிக் கடற்கரை பற்றி எழுதிய புத்தகம் கையில் கிடைத்தது, தூக்கம் போயிற்று. பரிசையும் வாங்கிக்கொண்டு லண்டனுக்குக் குதிரையில் போகிறபோது வழியில் இறங்கி உட்கார்ந்து, நான் எழுதியதெல்லாம் உண்மையென்றால் யாராவது இதற்கு முடிவு கட்டித்தானே ஆகவேண்டும் என்று யோசித்ததாக அவரே பின்னால் எழுதியிருக்கிறார். 1787 மே 22-ல் லண்டனில் ஓர் அச்சகத்தில் 12 பேர் கூடி அடிமை வியாபாரத்தை ஒழிக்க ஒரு கமிட்டி அமைத்தார்கள். ஒன்பது பேர் குவேக்கர்கள்.

அப்புறம் கிளார்க்சன் செய்ததுதான் விஷயம். பிரிஸ்டல், லிவர்பூல் துறைமுகங்களில் சாராயக் கடை சாராயக் கடையாக ஏறி இறங்கி மாலுமிகளிடம் விசாரித்தார், கப்பல்களின் ஆள் பட்டியலை எடுத்துக் கணக்குப் போட்டார், லிவர்பூல் கடையில் கைவிலங்கு, கட்டைவிரலை நசுக்குகிற திருகாணி, சாப்பிட மறுப்பவர்களின் வாயை நெம்பித் திறக்கிற கருவி எல்லாம் காசு கொடுத்து வாங்கி வைத்துக்கொண்டார். லிவர்பூல் துறையில் ஒரு கும்பல் அவரைக் கடலில் தள்ளிவிடப் பார்த்தது. அடிமைக் கப்பல்கள்தான் பிரிட்டிஷ் கடற்படைக்கு ஆள் பயிற்றுவிக்கிற பள்ளி என்று வியாபாரிகள் அடித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆள் பட்டியலோ வேறு சொன்னது. அந்தக் கப்பல்களில் போன வெள்ளைக்கார மாலுமிகளே ஐந்தில் ஒருவருக்கு மேல் செத்துப் போயிருந்தார்கள். கறுப்பர்கள் சாவதைக் கேட்டு அசையாத எம்.பி.க்கள் இதைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கசப்பான உண்மை, ஆனால் கிளார்க்சனுக்குத் தன் வாசகர்களைத் தெரிந்திருந்தது.

இந்தப் பிரசாரத்தில் மிகப் பெரிய வேலை செய்தது ஒரு படம். 'புரூக்ஸ்' என்ற லிவர்பூல் கப்பலின் வரைபடம், 1788-ல் பிளிமத் கமிட்டி தயாரித்தது, அடுத்த வருஷம் லண்டன் கமிட்டி விரிவாக்கி ஆயிரக்கணக்கில் அச்சடித்தது. கப்பலின் அளவை எடுத்தது அரசாங்கம் அனுப்பிய கடற்படை அதிகாரி என்பதால் யாரும் மறுத்துப் பேச முடியவில்லை. ஓர் ஆணுக்கு ஆறடி நீளம், ஒரு அடி நாலு அங்குல அகலம், பெண்ணுக்கு நீளத்தில் இரண்டு அங்குலம் குறைவு, சிறுமிக்கு நாலரை அடி நீளம், ஓரடி அகலம். அந்தக் கணக்கில் 482 உருவங்களை அடுக்கி வரைந்தார்கள், நடுவில் விரல் வைக்க இடமில்லை. கப்பலில் இத்தனை பேரைத்தான் ஏற்றலாம் என்று வரம்பு வைத்த புதுச் சட்டப்படி அந்தக் கப்பலில் ஏற்றலாம் என்றிருந்தது 454 பேர். சட்டம் வருவதற்கு முன் ஒரு பயணத்தில் 609 பேரை ஏற்றியிருந்தார்கள். படத்துக்குக் கீழே இருந்த விளக்கத்தில் ஆவேசமெல்லாம் கிடையாது, பெரும்பாலும் அளவுகளும் கணக்கும்தான். 1807-ல் வியாபாரத்துக்குத் தடை வந்தது.

அடிமைகளாக இருந்தவர்களே எழுதினார்களா? படிப்பே கிடையாது என்றிருக்கும்போது எப்படிக் கற்றுக்கொண்டார்கள்?
— ஆசிரியை, மன்னார்குடி

எழுதினார்கள், எழுதிய பிறகு 'இதை நீயா எழுதினாய்?' என்ற கேள்வியோடு காலம் முழுவதும் மல்லுக்கட்டினார்கள்.

ஃபில்லிஸ் வீட்லியைப் பாருங்கள். 1761-ல் ஏழெட்டு வயதில் ஆப்பிரிக்காவிலிருந்து பாஸ்டனுக்குக் கொண்டுவந்து விற்றார்கள். கொண்டுவந்த கப்பலின் பெயர் 'ஃபில்லிஸ்', வாங்கிய குடும்பம் வீட்லி. அந்தக் குழந்தையின் பெயரில் அந்தக் குழந்தைக்குச் சொந்தமானது எதுவும் இல்லை. வீட்டிலேயே படித்து, இருபது வயதுக்குள் கவிதைத் தொகுப்பே தயார். 1773-ல் லண்டனில் அச்சானது. முன்பக்கத்தில் கவர்னர் உட்பட பாஸ்டனின் 18 பெரிய மனிதர்கள், இந்தப் பெண்தான் எழுதினாள் என்று நாங்கள் நம்புகிறோம் என்று கையெழுத்துப் போட்டுச் சான்று கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பதினெட்டில் ஒருவர் அவருடைய எசமானர். அதற்குப் பிறகும் தாமஸ் ஜெஃபர்சன் அவர் எழுதியதெல்லாம் கவிதையே இல்லை என்று ஒதுக்கினார்.

ஃபிரடெரிக் டக்ளஸ் கதை வேறு விதம். பால்டிமோரில் சிறுவனாக இருந்தபோது எசமானி எழுத்துச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார், எசமானர் நிறுத்திவிட்டார், படித்தால் அடிமையாக இருக்க லாயக்கில்லாமல் போய்விடுவான் என்று. அந்த வாக்கியம்தான் தனக்குக் கிடைத்த உண்மையான முதல் பாடம் என்கிறார் டக்ளஸ். அதன் பிறகு தெருவில் விளையாடும் ஏழை வெள்ளைக்காரப் பையன்களுக்கு வீட்டிலிருந்து எடுத்துப்போன ரொட்டியைக் கொடுத்துப் பாடம் கேட்டார். கப்பல் கட்டும் தளத்தில் மரத் துண்டுகளை எந்தப் பக்கத்துக்கு என்று தெரிய தச்சர்கள் ஓரிரண்டு எழுத்துகளைக் குறித்து வைப்பார்கள், அதைப் பார்த்து முதல் நாலு எழுத்து எழுதப் பழகினார். 1838-ல் தப்பித்தார், 1845-ல் சுயசரிதை வெளிவந்தது.

உடனே மேரிலாண்ட் பக்கத்து ஆள் ஒருவர் பத்திரிகையில் எழுதினார்: இந்த ஆளை எனக்குத் தெரியும், அப்போது இவன் பெயர் ஃபிரடெரிக் பெய்லி, படிப்பில்லாத சாதாரண அடிமை, இவன் எப்படிப் புத்தகம் எழுதுவான்? டக்ளஸ் அவருக்கு நன்றி சொல்லிப் பதில் எழுதினார். நான் அடிமையாகவே இருந்ததில்லை என்று அடிமை முறை இல்லாத வடக்கு மாநிலங்களில் சிலர் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார்கள், நீங்களே சாட்சி சொல்லிவிட்டீர்கள், ரொம்ப நன்றி என்று. நக்கல் என்றால் இது.

ஈக்வியானோ ஆப்பிரிக்காவில் பிறக்கவே இல்லை, கதை விட்டார் என்கிறார்களே?
— பெயர் வேண்டாம், கோவை

அடிமையாக இருந்து விடுதலை பெற்ற ஒலாடா ஈக்வியானோவின் சுயசரிதை 1789-ல் வந்தது. இன்றைய நைஜீரியாவின் இக்போ பகுதியில் பிறந்து, சிறுவயதில் கடத்தப்பட்டு, கப்பலில் ஏற்றப்பட்டதாக அதில் சொல்கிறார். ஆனால் 1759-ல் லண்டனில் ஞானஸ்நானம் பெற்றபோது பதிவேட்டில் பிறந்த இடம் அமெரிக்காவின் கரோலினா என்று இருக்கிறது, பிறகு ஒரு கடற்படைப் பட்டியலிலும் அப்படியே. இது நிஜமான ஆவணம், தள்ளிவிட முடியாது. அதே சமயம், சிறுவயது அடிமைக்குப் பிறந்த இடம் என்ன என்று அன்றைக்கு எழுதிய குமாஸ்தா யாரைக் கேட்டு எழுதினார்? ஆராய்ச்சியாளர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். நான் அவர் சொன்னதை நம்புகிற பக்கம் சாய்கிறேன்.

ஆனால் 40 பவுண்டு சேர்த்துக் கொடுத்து 1766-ல் தன்னைத் தானே விலைக்கு வாங்கியதில் யாருக்கும் சந்தேகமில்லை. 'ஸோங்' என்ற அடிமைக் கப்பல் விஷயத்திலும் இல்லை. 1781-ல் அந்தக் கப்பலிலிருந்து 130 பேருக்கு மேல் உயிரோடு கடலில் தூக்கி எறியப்பட்டார்கள், கப்பல்காரர்கள் சரக்கு நஷ்டம் என்று தலைக்கு 30 பவுண்டு இன்சூரன்ஸ் கேட்டுக் கோர்ட்டுக்குப் போனார்கள். அந்தச் செய்தியை 1783-ல் அடிமை முறைக்கு எதிராகப் போராடிய கிரான்வில் ஷார்ப் வீட்டுக்குப் போய்ச் சொன்னவர் ஈக்வியானோ. ஷார்ப் அதிகாரிகளுக்கு எழுதி எழுதிப் பார்த்தார். கொலை வழக்கு என்று ஒன்று போடப்படவே இல்லை.

எழுதியதால் என்ன ஆகிவிட்டது? ஹைட்டி மாதிரி ஆயுதம் எடுத்ததால்தானே பயந்தார்கள்?
— தொழிற்சங்கத் தோழர், நெய்வேலி

பாதி ஒத்துக்கொள்கிறேன். 1791-ல் ஹைட்டியில் வெடித்த கிளர்ச்சி இல்லாமல் இந்தக் கதையே இல்லை. 1831 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஜமைக்காவில் நடந்த எழுச்சிக்குப் பிறகுதான் லண்டனில் வேகம் பிடித்தது. ஆனால் அந்த எழுச்சிக்குத் தலைமை தாங்கிய சாம் ஷார்ப், எழுதப் படிக்கத் தெரிந்தவர், பத்திரிகையில் வந்த நாடாளுமன்ற விவாதங்களைப் படித்து மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தவர். எழுத்து, ஆயுதம் இரண்டையும் பிரிக்க முடியாது தோழர்.

காகிதத்துக்கு முதலாளிகள் பயந்தார்களா என்றால், பயந்தார்கள். தென் கரோலினாவில் அடிமைக்கு எழுதச் சொல்லிக் கொடுத்தால் அபராதம் என்று 1740-லேயே சட்டம். டேவிட் வாக்கர் பாஸ்டனில் பழைய துணி வியாபாரம் செய்த சுதந்திரக் கறுப்பர், 1829-ல் அவர் அடிமை முறையை எதிர்த்து எழுதிய 'முறையீடு' அடிமை முறை இருந்த தெற்கே போனது மாலுமிகளின் சட்டை உள்துணியில் தைக்கப்பட்டு என்பார்கள். பயந்துபோன மாநிலங்கள் புதுச் சட்டம் போட்டன. 1835-ல் சார்ல்ஸ்டன் தபால் ஆபீஸை உடைத்து ஒரு கும்பல் வடக்கிலிருந்து வந்த அடிமை எதிர்ப்புப் பிரசுரங்களைத் தெருவில் கொளுத்தியது. 1837-ல் இல்லினாயில் அடிமை முறையை எதிர்த்த பத்திரிகை ஆசிரியர் எலைஜா லவ்ஜாய் தன் அச்சு இயந்திரத்தைக் காப்பாற்றப் போய்ச் சுடப்பட்டுச் செத்தார். சும்மா கிடந்த காகிதத்துக்கு இவ்வளவு செய்வார்களா?

உங்கள் கணிப்பில் இந்த வகையில் மிக வலுவான புத்தகம் எது?
— நூலகர், நாகர்கோவில்

ஹேரியட் பீச்சர் ஸ்டோவின் நாவல் 'அங்கிள் டாம்ஸ் கேபின்' என்று சொல்வேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். இல்லை. 1839-ல் வந்த 'அமெரிக்க அடிமை முறை, உள்ளபடி'. தொகுத்தவர் தியோடர் வெல்ட். உழைப்பில் பெரும்பங்கு அவர் மனைவி ஏஞ்சலினா கிரிம்கே, மைத்துனி சாரா கிரிம்கே இருவருடையது. சகோதரிகள் இருவரும் தென் கரோலினாவில் அடிமைகள் வைத்திருந்த பெரிய குடும்பத்தில் பிறந்து வெளியே வந்தவர்கள், அதனால் சொந்த அனுபவமும் உண்டு.

என்ன செய்தார்கள் என்றால், நியூயார்க்கில் ஒரு வாசிப்பு அறையில் கழித்துக் கட்டிய தென்மாநிலப் பத்திரிகைகளை ஆயிரக்கணக்கில் வாங்கி வந்து, கத்தரிக்கோலோடு உட்கார்ந்துவிட்டார்கள். தப்பி ஓடிய அடிமையைப் பிடித்துத் தர எசமானர்கள் கொடுத்த விளம்பரங்கள்தான் குறி. ஆளை அடையாளம் தெரிய வேண்டுமே, அதனால் எசமானரே எழுதுவார்: முதுகில் சவுக்கு வடு இருக்கும், முன்பல் இரண்டு இல்லை, கழுத்தில் இரும்பு வளையம், காது ஓரத்தில் வெட்டு. வட கரோலினா ஆசாமி ஒருவர் 1838-ல் கொடுத்த விளம்பரத்தில் ஒரு பெண்ணும் இரண்டு குழந்தைகளும் ஓடிவிட்டதாகச் சொல்லிவிட்டு, ஓடுவதற்குச் சில நாள் முன்பு அவள் இடது கன்னத்தில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு வைத்தேன், எம் என்ற எழுத்தைப் போடப் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறார். வெட்கமோ கூச்சமோ இல்லை, காணாமல் போன மாட்டுக்கு அடையாளம் சொல்கிற குரல்.

அடிமை சொன்னால் பொய், எதிர்ப்பாளர் சொன்னால் மிகை என்று தட்டிக் கழித்தவர்களால் இதற்கு ஒன்றும் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் எழுதியது அவர்கள் ஆட்களே, காசு கட்டி, பெயர் ஊர் போட்டு. முதல் வருஷத்திலேயே லட்சம் பிரதி போனது. சார்ல்ஸ் டிக்கன்ஸ் அமெரிக்கப் பயணம் பற்றி எழுதிய புத்தகத்தில் இந்த விளம்பரங்களை எடுத்துப் போட்டார், எங்கிருந்து எடுத்தேன் என்று சொல்லாமல்.

'இவ்வளவு பெரிய போரைத் தொடங்கி வைத்த சின்னப் பெண்மணி நீங்கள்தானா?' என்று லிங்கன் ஹேரியட் பீச்சர் ஸ்டோவிடம் கேட்டது உண்மையா?
— வாசகர், சிவகாசி

இருவரும் 1862-ல், அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோது சந்தித்தது உண்மை. அந்த வசனம் அப்போதைய கடிதம் எதிலும் இல்லை, பல பத்து வருஷம் கழித்துத்தான் அச்சில் தலைகாட்டுகிறது. பட்டிமன்றத்தில் சொல்லாதீர்கள்.

அடிமை முறையை ஆதரித்தும் யாராவது புத்தகம் எழுதினார்களா?
— மாணவர், தஞ்சாவூர்

மலைபோல. பைபிளைக் காட்டி, பொருளாதாரம் காட்டி, 'இங்கிலாந்து ஆலைத் தொழிலாளியை விட எங்கள் அடிமை சௌக்கியம்' என்று காட்டி. அதில் உறைக்கிற ஓர் உதாரணம் மட்டும்: ஜேக்கபஸ் கேப்பிட்டைன், சிறுவனாக ஆப்பிரிக்காவில் விற்கப்பட்டு, ஹாலந்தில் படித்து, 1742-ல் லைடன் பல்கலைக்கழகத்தில் அடிமை முறை கிறிஸ்தவத்துக்கு விரோதமில்லை என்று லத்தீனில் வாதாடியவர். டச்சுக்காரர்கள் அந்தப் புத்தகத்தைக் கொண்டாடினார்கள் என்று சொல்லவே வேண்டாம்.

நமக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?
— ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், காரைக்கால்

சர்க்கரை வழியாக உண்டு ஐயா. 1791-ல் வில்லியம் ஃபாக்ஸ் என்பவர் ஒரு துண்டுப் பிரசுரம் போட்டார். வாரம் ஐந்து பவுண்டு எடை சர்க்கரை வாங்குகிற குடும்பம் 21 மாதம், கரீபியன் தீவுகளில் அடிமைகள் உழைப்பில் வந்த மேற்கிந்தியச் சர்க்கரையை நிறுத்தினால் ஓர் ஆள் அடிமையாவதோ கொல்லப்படுவதோ தடுக்கப்படும் என்று கணக்கே போட்டுக் காட்டினார். சில மாதங்களில் பல்லாயிரம் பிரதிகள். சுமார் 3 லட்சம் பேர் சர்க்கரையை விட்டதாகக் கிளார்க்சன் மதிப்பிட்டார். அதற்கு மாற்றாக வந்ததுதான் இந்தியச் சர்க்கரை. 'அடிமைகள் செய்யாத கிழக்கிந்தியச் சர்க்கரை' என்று எழுதிய கிண்ணங்கள் பின்னாளில் லண்டனில் விற்பனைக்கு வந்தன.

ஆனால் இங்கே அடிமை முறை இல்லையா? 1819-ல் மெட்ராஸ் வருவாய் வாரியம் கேட்டபோது, நிலத்தோடு சேர்த்துப் பண்ணையாட்கள் விற்கப்படுவதையும் அடமானம் வைக்கப்படுவதையும் கலெக்டர்களே எழுதி அனுப்பியிருக்கிறார்கள். 1833 சட்டமோ கம்பெனி ஆண்ட இந்தியப் பகுதிகளையும் இலங்கையையும் வெளியே விட்டுவிட்டது. 1843-ல்தான் இங்கே சட்டம் வந்தது, அதுவும் கோர்ட் அடிமை உரிமையை ஏற்காது என்ற அளவுக்கு மட்டும்.

அப்புறம், விடுதலையான அடிமைகளுக்குப் பதிலாகக் கரும்புத் தோட்டங்களுக்கு நம் ஆட்களைக் கப்பலேற்றினார்கள். 1860-ல் மெட்ராஸிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனது. பிஜித் தீவில் கரும்புத் தோட்டத்தில் வாடிய நம் பெண்களைப் பற்றிப் பாரதி பாடியது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. புனேயில் ஜோதிராவ் பூலே 1873-ல் சாதிக் கொடுமையை எதிர்த்து எழுதிய 'குலாம்கிரி' (அடிமைத்தனம்) புத்தகத்தை, நீக்ரோ அடிமைகளை விடுவித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அடிமை எதிர்ப்பு எழுத்தை இங்கே முதலில் சரியாகப் படித்துப் புரிந்துகொண்டவர் அவர்தான் என்பது என் எண்ணம்.

படிக்க ஆசை. எங்கிருந்து தொடங்கலாம்?
— இல்லத்தரசி, திருவண்ணாமலை

டக்ளஸின் 1845 புத்தகம். சின்னது, ஆங்கிலம் தெளிவு. அடுத்து மேரி பிரின்ஸ், 1831. பெர்முடாவில் பிறந்தவர், உப்பளத்தில் நாள் முழுக்கத் தண்ணீரில் நின்று கால் புண்ணாகிப் போனதை அவர் வாயால் சொல்லச் சொல்ல எழுதியது. வெளிவந்ததும் மான நஷ்ட வழக்குகள் பறந்தன.

மூன்றாவது ஹேரியட் ஜேக்கப்ஸ், 1861. எசமானரிடமிருந்து தப்பி, பாட்டி வீட்டுப் பரணில், ஒன்பதடி நீளம், ஏழடி அகலம், உயரமான இடத்திலேயே மூன்றடி, அதில் கிட்டத்தட்ட ஏழு வருஷம் ஒளிந்திருந்தார். அங்கிருந்தே எசமானருக்கும் பாட்டிக்கும் கடிதம் எழுதுவார். பழைய நியூயார்க் பத்திரிகைத் துண்டில் ஒரு தெருப் பெயரைப் பார்த்து முகவரி போட்டு, நம்பகமான ஆள் மூலம் அங்கே கொண்டுபோய்த் தபாலில் சேர்ப்பிப்பார். வடக்கே ஓடிவிட்டாள் என்று அவன் அங்கே தேடட்டும் என்று. அவனும் கில்லாடி, பாட்டிக்கு வந்த கடிதத்தைத் தன் இஷ்டத்துக்கு மாற்றி எழுதிப் பாட்டியிடமே வந்து வாசித்துக் காட்டினான். சில அடி தூரத்தில் மறைந்திருந்து ஜேக்கப்ஸ் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். இந்தப் புத்தகத்தை யாரோ வெள்ளைக்காரப் பெண் எழுதிய நாவல் என்றே பல அறிஞர்கள் நூறு வருஷத்துக்கு மேல் நினைத்திருந்தார்கள். 1980-களில் ஜீன் ஃபேகன் யெலின் பழைய கடிதங்களைத் தோண்டி எடுத்து ஆள் யார் என்று நிரூபித்தார்.

ஈக்வியானோவைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். போர்க்கப்பல், வியாபாரம், வடதுருவப் பயணம் என்று எங்கெங்கோ போகும், பொறுமை வேண்டும். நாலும் பதிப்புரிமை தாண்டியவை, வட கரோலினா பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.